பூட்டன் எவன்?

மொன்றியலில் இருந்த தமிழர்களிலேயே, வேல்ஸ் நாட்டில் மழை பெய்கிறதா என்று பார்த்துவிட்டுக் குடையோடு வேலைக்குப் புறப்பட்ட ஒரே மனிதர் எவன்ஸ் அண்ணைதான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். அவர் குடையைக் காரின் பின் சீட்டில் கிடத்திவிட்டு, சாவியைத் திருப்புவார்.

“அண்ணை, இண்டைக்கு மழை இல்லையே?”

“இஞ்ச இல்லை. அங்க ஊத்துது.”

இதற்கு மேல் ஒன்றும் கேட்கக்கூடாது. கேட்டால் பதில் சொல்லுவார். பதில் வேலைத்தலம் வரைக்கும் நீளும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில ஆண்டுகள் அவை. நாங்கள் இருவரும் வில்லரேயில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். வேலை, புவாண்ட்-கிளேரில் இருந்த ஒரு வெயர்ஹவுஸில். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினேன். என்னிடம் கார் இல்லை, அவரிடம் கதை கேட்க ஆள் இல்லை. இப்படித்தான் எங்கள் உறவு ஆரம்பித்தது.

எவன்ஸ் என்பது அவருடைய பெயரே இல்லை. மன்னார்க்காரர், அசல் கத்தோலிக்கப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆனால் கனடாவுக்குள் நுழைந்தபோது அவருடைய பெயரும் தகப்பன் பெயரும் இடம் மாறி விழுந்துவிட்டன. ஆகவே வேலைத்தலத்தில் எங்கள் போர்மன் நாள் முழுக்க “சவிரிமுத்து! சவிரிமுத்து!” என்று அவருடைய தகப்பனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“அப்பா செத்துப் பதினைஞ்சு வருசம்,” என்பார் எவன்ஸ் அண்ணை. “இன்னும் ஓவர்டைம் செய்யிறார்.”

அவருடைய அம்மாவின் வழியில் பூட்டன் ஒரு வேல்ஸ்காரர் என்பதுதான் அவருடைய வாழ்க்கையின் ஒரே செய்தி. தலைமன்னாருக்கு ரயில் பாதை போட்ட காலத்தில் வந்த எவன்ஸ் என்ற ஒருவர். அதற்கு அவர் வைத்திருந்த ஆதாரங்கள் பலவகை. முதலாவது, அவருடைய பூனைக்கண். இரண்டாவது, குளிர் தாங்கும் உடம்பு. மூன்றாவது, வெங்காயத்தாள் மாதிரித் தடித்த அந்த லீக்ஸ் என்ற மரக்கறி.

“வேல்ஸ்காரருக்கு லீக்ஸ் எண்டால் உயிர். எங்கட வீட்டில கிழமையில பாதி நாள் லீக்ஸ் கறிதான். தெரியுமே?”

“அண்ணை, இலங்கையில எல்லாரும்தானே லீக்ஸ் தின்னுறவை.”

அவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை விரித்தார். “அப்ப யோசிச்சுப் பார், எத்தினை பேருக்குப் பூட்டன் வேல்ஸ் எண்டு!”

ஆட்கள் இதை விளங்கிக்கொண்ட விதம் வேறு. எங்கள் தெருமுனைச் சாமான் கடைக்கு வரும் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, “வேல்ஸ், வேல்ஸ்” என்று அவர் சொல்லக் கேட்டுக் கேட்டு, அவரைப் பெரிய முருக பக்தர் என்று முடிவுகட்டிவிட்டா. தேர்த் திருவிழா நெருங்கும்போது, “இந்த முறையும் காவடி எடுக்கிறியளோ?” என்று மரியாதையாக விசாரிப்பா. எவன்ஸ் அண்ணை மூன்றாம் ஆண்டுவரை மறுத்துப் பார்த்தார். நாலாம் ஆண்டு, “இந்த முறை முழங்கால் சரியில்லை, தங்கச்சி,” என்று சொல்லிவிட்டுப் பால் பெட்டியோடு வெளியே வந்தார்.

வேல்ஸ்காரர் பிறவிப் பாடகர்கள் என்று எங்கோ வாசித்தவுடன் தமிழ்ப் பூசையின் பாடகர் குழுவில் போய்ச் சேர்ந்தார். அவருடைய குரல், ஃபோர்க்லிஃப்ட் பின்னால் எடுக்கும்போது கத்துமே, அந்தச் சுருதியில் இருந்தது. இரண்டு ஞாயிறு பொறுத்த பாட்டு மாஸ்டர், மூன்றாம் ஞாயிறு அவரைத் தனியே கூப்பிட்டு, “அண்ணை, நீங்கள் வாயை மட்டும் அசையுங்கோ, காணும்,” என்றாராம். எவன்ஸ் அண்ணை அதை என்னிடம் பெருமையோடு சொன்னார். “குரலைப் பாலன் பிறக்கிற நத்தார்ப் பூசைக்குச் சேமிச்சு வைக்கச் சொல்லுறார், விளங்குதே?”

இதையெல்லாம் நான் வெறும் விசர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பனி கொட்டிய ஒரு நாள், நெடுஞ்சாலை நாற்பதில் வாகனங்கள் அசையாமல் நின்றபோது, சும்மா கேட்டேன்: “அண்ணை, செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனைக் கண்டுபிடிச்சு இப்ப என்ன செய்யப்போறியள்?”

அவர் வைப்பர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இருபத்தேழு வயதில், மன்னாரில், அவருக்கு ஒரு கலியாணம் பேசினார்கள். பெண்ணுக்கும் விருப்பம், அவருக்கும் விருப்பம். பேச்சுக்கால் நடந்த வீட்டு மண்டபத்தில் பெண்ணின் தாய்மாமன் கால்மேல் கால் போட்டு இருந்தார். நாலைந்து வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். ஊர் அவரைச் சம்மாட்டியார் என்று கூப்பிடும். அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

“எல்லாம் சரி தம்பி. உம்மட தாய்வழிப் பூட்டன் எவன்?”

“எவன்ஸ்,” என்றார் இவர்.

“அதைத்தான் கேக்கிறன். எவன்?”

“எவன்ஸ்.”

மண்டபம் சிரித்தது. முதலில் ஒரு மூலையில், பிறகு முழுக்க. தேத்தண்ணி கொண்டுவந்த கலியாணப் பெண்ணும் வாசலில் நின்றபடி சிரித்துவிட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்போடு கலியாணம் முடிந்துபோனது. ‘எவனுக்கோ பிறந்த வம்சம்’ என்ற பேச்சு அவருடைய தாய் சந்தைக்குப் போனால் சந்தைக்கும், கோயிலுக்குப் போனால் கோயிலுக்கும் பின்னாலேயே போனது. எவன்ஸ் அண்ணை அதற்குப் பிறகு ஒருவரையும் கட்டவில்லை.

“அவள் பேந்து ஒரு நல்ல பெடியனைக் கட்டி, இப்ப ரொறன்ரோவில பேரப்பிள்ளையளோட இருக்கிறாள். சந்தோசமாத்தான் இருக்கிறாள். அதில எனக்கு ஒண்டும் இல்லை. ஆனா உந்தச் சம்மாட்டியார் இருக்கிறாரே…”

சம்மாட்டியாரும் மொன்றியலில்தான் இருந்தார். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மகனோடு. ஒவ்வொரு ஞாயிறும் தமிழ்ப் பூசைக்கு வந்து, எவன்ஸ் அண்ணைக்கு இரண்டு வாங்கு முன்னால் உட்காருவார். பதினைந்து வருடமாக இவர் அந்த மனிதரின் பிடரியைப் பார்த்துக்கொண்டே பரலோக மந்திரம் சொல்லிவந்திருக்கிறார்.

முன்னால் நின்ற கார் நகர்ந்தது. நான் அதற்குப் பிறகு அவரை விசரர் என்று நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். ஆனால் அவருடைய கட்சியில் நின்று நினைத்தேன்.

தேடலில் ஒரு சிக்கல். பூட்டனின் ஊர்ப்பெயர் மன்னாரில் மூன்று தலைமுறை வாய்களில் உருண்டு தேய்ந்து, ‘லான்’ என்ற ஓரெழுத்தும் ஒற்றும் மட்டும் மிஞ்சியிருந்தது. எவன்ஸ் அண்ணை நூலகத்துக் கம்பியூட்டரில் வேல்ஸ் படத்தைத் திறந்து பார்த்தார். வேல்ஸில் பாதி ஊர்களின் பெயர் ‘லான்’ என்றுதான் தொடங்குகிறது. அந்தச் சொல்லுக்கே கோயிலும் அதைச் சுற்றிய பங்கும் என்றுதான் கருத்தாம். எங்கள் ஆட்களிடம் வந்து ஒருவன், “என்ர ஊர் ஏதோ ‘புரம்’, கண்டுபிடிச்சுத் தாங்கோ,” என்று கேட்டால் எப்படி இருக்கும்?

அவர் சளைக்கவில்லை. ‘லான்’ என்று தொடங்கும் ஒவ்வொரு ஊரின் கோயிலுக்கும் வெளிநாட்டுக்குப் பேசும் கோலிங் காட் போட்டு அழைத்தார். அந்த ‘லா’வும் நாங்கள் சொல்லும் லா அல்ல. நாக்கை மேலே ஒட்டி இரண்டு பக்கமும் காற்றைச் சீறவிடவேண்டும். “ழகரம் சொல்லுற சாதிக்கு இதெல்லாம் ஒரு வேலையே!” என்று காருக்குள்ளேயே பயிற்சி எடுத்தார். கண்ணாடிக்கு உட்புறமும் ஒரு வைப்பர் இருந்திருக்கலாம் என்று நான் நினைத்த காலம் அது.

ஒரு திங்கட்கிழமை, காரில் ஏறியதுமே சொன்னார்: “தம்பி, விசயம் பிடிபட்டிட்டுது. ஆனா சுவாமியார் ஒரு பொம்பிளை!”

நடந்தது இதுதான். போனை ஒரு பெண் எடுத்திருக்கிறா. இவர், “சுவாமியாரிட்டைக் குடுங்கோ,” என்றிருக்கிறார். “நான்தான் பேசுகிறேன்,” என்றிருக்கிறா அவ. இவர் அவவைச் சமையல்காரி என்று நினைத்து, “பரவாயில்லை அம்மா, சுவாமியார் வந்தபிறகு எடுக்கிறன்,” என்று வைத்துவிட்டார். மறுபடி எடுத்தார். மறுபடியும் அவ. மூன்றாம் முறை அவவே சிரித்துக்கொண்டு, தங்கள் சபையில் பெண்களும் குருவாகலாம் என்று விளக்கினாவாம்.

“எனக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்போல வந்திட்டுது,” என்றார் எவன்ஸ் அண்ணை.

அந்தக் குருவம்மா நல்ல மனுஷி. “எவன்ஸ் என்றால் எந்த எவன்ஸ்?” என்று கேட்டிருக்கிறா. “எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பாதிப்பேர் எவன்ஸ். உயிரோடு இருப்பவர்களிலும் பால்கார எவன்ஸ், தபால் எவன்ஸ், பஸ் எவன்ஸ் என்று தொழிலை வைத்துத்தான் பிரித்துச் சொல்கிறோம்.” அதோடு, பழைய காலத்தில் தங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை, தகப்பன் பெயரைத்தான் பிள்ளை தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளும், தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும் என்றும் சொல்லியிருக்கிறா.

அன்று எவன்ஸ் அண்ணை ஓட்டிய கார் தரையில் போகவில்லை. “கேட்டியே! தகப்பன் பெயர்! எங்கட ஆக்களடாப்பா! எங்கட ஊரில ஐஸ்பழ ராசன், லொறி பிலிப்பு எண்டு சொல்லுறதில்லையே? அச்சு அசல் எங்கட ஆக்கள்! அவைக்கும் உந்தக் கனடாக் குடிவரவில பெயர் மாறித்தான் இருக்கும்!”

குருவம்மா கடைசியாக ஒன்று சொன்னா. தன் பங்கில் மலையடிப் பண்ணை எவன்ஸ் என்று ஒரு கிழவர் இருக்கிறார். அவர்கள் குடும்பத்தில் ஒருவர் ரயில் வேலைக்குக் கிழக்கே போனதாகக் கேள்வி. வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

அந்த வருடக் கோடையில் லண்டனில் என் மச்சாளுக்குக் கலியாணம். எவன்ஸ் அண்ணைக்கு அழைப்பில்லை. ஆனாலும் என் பக்கத்துச் சீட்டில் விமானத்தில் இருந்தார். என் மனைவி புறப்படும்போதே எச்சரித்தாள்: “அவரோட வேல்ஸுக்குப் போறதெண்டால் கவனம். உங்களுக்கும் ஒரு பூட்டனைப் பிடிச்சுக் குடுத்துவிடுவார்.”

லண்டனிலிருந்து ரயில், பிறகு சின்ன ரயில், பிறகு பஸ். இறங்கிய இடத்தில் மனிதர்களைவிடச் செம்மறிகள் அதிகம். இத்தனை வருடம் குடை பிடித்துக் காத்திருந்த நாட்டில் அன்று பளீரென்று வெயில். எவன்ஸ் அண்ணைக்கு அதில் கொஞ்சம் கோபம். “எங்களைக் கண்டிட்டு நடிக்குது,” என்றார்.

குருவம்மா ரப்பர் சப்பாத்தோடும் ஒரு நாயோடும் கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்காக நின்றா. உயரமான மனுஷி. எவன்ஸ் அண்ணை, சுவாமியாரின் கையில் உதடு வைத்து முத்தி செய்வதா வேண்டாமா என்று தடுமாறி, கடைசியில் நாயின் தலையைத் தடவினார். பிறகு பையிலிருந்து மெழுகுதிரிகளை எடுத்தார். எந்தக் கல்லைப் பார்த்தாலும் எவன்ஸ். ஆகவே ஒன்றையும் விடாமல் கொளுத்தி வைத்துக்கொண்டு போனார்.

“அது ஜோன்ஸ்,” என்றா குருவம்மா ஓரிடத்தில்.

“பக்கத்தில இருக்கிறவருக்குக் குடுக்காமல் விடுறது சரியில்லை,” என்று அதற்கும் ஒன்று வைத்தார்.

மலையடிப் பண்ணை எவன்ஸுக்கு எழுபதைத் தாண்டிய வயது. அகலமான கை, சிவந்த முகம், பேசுவதற்குக் காசு கட்டவேண்டும் என்பது போன்ற வாய். சமையலறை மேசையில் தேநீரும், திராட்சை போட்ட ரொட்டியும் வைத்தார். எங்களை வெகுநேரம் பார்த்தார். எவன்ஸ் அண்ணை தன் கண்ணை அகல விரித்து, பூனைக்கண் வெளிச்சத்தில் படும்படி முகத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழவரின் கண் மண்ணிறம்.

“எங்கள் அப்பப்பாவின் தம்பி ஒருவர் போனார்,” என்றார் கிழவர் கடைசியில். “சிலோனோ, சீயமோ. யானை இருக்கும் நாடு.”

“சிலோனில யானை இருக்கு!” என்று கத்தினார் எவன்ஸ் அண்ணை.

“சீயமிலயும் இருக்கண்ணை,” என்றேன் நான் தமிழில். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

கிழவர் மெல்லத்தான் சொன்னார். போனவர் அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று ஊருக்குச் செய்தி வந்ததாம். தகப்பன் அந்தப் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்றுவிட்டார். கோயிலிலும் அவருக்காகச் செபிப்பதை நிறுத்திவிட்டார்கள். கொஞ்சக் காலத்தில், காய்ச்சலில் செத்துப்போனார் என்று இன்னொரு செய்தி. அவ்வளவுதான்.

“என் அப்பம்மாவுக்குத்தான் அது ஆறவே இல்லை,” என்றார் கிழவர். “கொழுந்தன்மேல் பாசம். கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தா: அந்தப் பெண் யார்? யாரைக் கட்டினான்? யாருக்கும் தெரியாது.” அவர் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எவன்ஸ் அண்ணையை நேராகப் பார்த்தார். “நீ அங்கிருந்து வந்திருக்கிறாய். நீ சொல்லு. யார் அவள்?”

கேட்பதற்காக முப்பது வருடமாக ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வந்த மனிதரிடம் வேறொருவர் முந்திக் கேட்டுவிட்டார். எவன்ஸ் அண்ணை எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழும்புவோமே, அப்படி.

“மதலேனாள்,” என்றார்.

“மாட்லென்?” என்றார் கிழவர். “அது எங்கள் பக்கத்துப் பெயரல்லவா!”

“பாய் இழைச்சவ. அவர் செத்தாப்பிறகு தனிய நிண்டு பிள்ளையை வளர்த்தவ. ஒருத்தரிட்டையும் கையேந்தேல்லை.” நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, நேர்மையாக, “வாய் மட்டும் கொஞ்சம் நீளமாம்,” என்றும் சேர்த்தார்.

கிழவர் சிரித்தார். அந்த முகத்துக்குச் சிரிக்கத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. “அப்படியென்றால் எங்கள் வீட்டுக்குப் பொருத்தமானவள்தான்,” என்று எவன்ஸ் அண்ணையின் தோளில் ஒரு அடி போட்டார். அடி கொஞ்சம் பலமானதுதான்.

இருவரும் செம்மறி பார்க்க வெளியே போனார்கள். குருவம்மா என் பக்கம் குனிந்து, “உண்மையைச் சொன்னால், இந்தப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் கிழக்கே போன எவன்ஸ் இன்னும் இரண்டு மூன்று பேர்…” என்று தொடங்கினா. யன்னலுக்கு வெளியே, எவன்ஸ் அண்ணையின் கையில் ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது. கிழவர் அதைப் பிடிக்கும் முறையைத் திருத்திக்கொண்டிருந்தார். குருவம்மா பார்த்தா. “சரி, அது கிடக்கட்டும்,” என்று இன்னொரு துண்டு ரொட்டி வெட்டினா.

திரும்பி வரும் பஸ்ஸில் எவன்ஸ் அண்ணை, கலியாண வீட்டிலிருந்து நான் கட்டிக்கொண்டு வந்த கட்லட் முழுவதையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“தம்பி, கட்டினவர் எண்டுதானே சொன்னவர்? நீயும் கேட்டனியெல்லே?”

“ஓம் அண்ணை. கட்டினவர் எண்டுதான் சொன்னவர்.”

“அம்மா இருந்திருக்கவேணும்,” என்றார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மொன்றியல் திரும்பிய முதல் ஞாயிறு, நான் சைவக்காரன், முன்வரிசை கிடைக்காதா என்று பூசைக்கு ஓடினேன். முப்பது வருடக் கணக்கு தீரும் நாள். பூசை முடிந்து, கீழே மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுக்கும்போது, எவன்ஸ் அண்ணை கோட் சூட்டோடு சம்மாட்டியாரை நோக்கி நடந்தார். சட்டைப்பையில் கிழவரோடு எடுத்த படம். நான் ரோல்ஸைக் கடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் சம்மாட்டியார் அவருடைய கையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்துப்போனார். மனிதருக்கு எண்பது நெருங்கியிருந்தது. காது மந்தமானவர்கள் ரகசியம் பேசினால் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

“தம்பி, உமக்கு உந்த வெள்ளைக்காரப் பூட்டன்மாரைக் கண்டுபிடிக்கிற வேலை கைவந்ததெண்டு கேள்விப்பட்டனான். வெளியில விட்டிடாதையும். எங்கட அப்பாவின்ர பக்கத்திலயும் ஒரு ஒல்லாந்தன் இருக்கிறானாம். அம்மா சாகேக்கதான் சொன்னவ. ஒருத்தரிட்டையும் நான் வாய் திறக்கேல்லை. அவன் எவன் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுமன்.”

மண்டபம் முழுக்கத் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தியிருந்தது. எவன்ஸ் அண்ணை சம்மாட்டியாரைப் பார்த்தார். சட்டைப்பையில் கை போனது. படம் வரப்போகிறது என்று நினைத்தேன். பேனைதான் வந்தது.

“ஆளின்ர பேர் ஏதும் தெரியுமோ, ஐயா?”

காரில் எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணை! உங்கட கலியாணத்தைக் குழப்பின மனுசன்! நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேக்கிறதை விட்டிட்டு…”

“அந்தாளுக்கும் உது எத்தினை வருசமா வயித்துக்குள்ள கிடந்திருக்கு. பாவமடாப்பா.” காரைத் தெருவுக்கு எடுத்தார். “அதுசரி, ஒல்லாந்தில இப்ப என்ன நேரம்?”

இரண்டு வருடம் கழித்து, பனியில் நடந்துகொண்டே யாருக்கோ ஒல்லாந்தரின் பெயர் வழக்கத்தை விளக்கப்போய், சறுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் போய் நின்றால், குடும்பத்தினர் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று தாதி பிரெஞ்சில் சொல்லிக் கதவை மறித்தாள். நான் என்ன முறை சொல்வது என்று விழித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கட்டிலிலிருந்து அந்தப் பாடகர் குரல் வந்தது.

“மோன் ஃப்ரேர்! மோன் ஃப்ரேர்! என்ர தம்பி, விடு பிள்ளை அவனை!”

தாதி விட்டுவிட்டாள். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு காதோடு சொன்னேன்: “அண்ணை, ஆராவது விசாரிச்சால் பிடிபட்டுப் போவம். நான் யாழ்ப்பாணம், நீங்கள் மன்னார். நான் சைவம், நீங்கள் வேதக்காரர்.”

“உதெல்லாம் ஆர் விசாரிக்கிறது?” என்றார், உலகத்தில் எல்லோருடைய பூட்டனையும் விசாரித்த மனிதர். “பேசாமல் உந்தத் தலகாணியைக் கொஞ்சம் உயர்த்தி விடு.”

உயர்த்தி விட்டேன். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. மற்ற ஆட்கள் எழும்பிப் போனார்கள். நான் எழும்பவில்லை, அவருடைய தம்பி எழும்பவேண்டியதில்லை.